கீழத்தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை

செப்டம்பர் 2, 2024, திங்கள்

பட்டுக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது காலை ஏழு மணி. அம்மா கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். வலது கையும் வலது காலும் வரவில்லை. பேச்சு குழறுகிறது. "வந்துட்டியா" மட்டும் தெளிவாகவே வந்தது.

வாதம் அடித்தது ஆகஸ்ட் 19. சின்னம்மா எழுந்து பார்த்தபோது விடியற்காலை ஐந்தரை. 108-க்கு அடித்திருக்கலாம். பதற்றத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காரைப் பிடித்து, வழியில் ஒரு வைத்தியரைப் பார்த்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். குறை சொல்ல எனக்கு வாயில்லை. நான் சென்னையில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்துவிட்டுத் திரும்பி, இனி வீட்டிலிருந்தே திருத்தி அனுப்புகிறேன் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டு இப்போது வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரி பில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். முதல்வரின் காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் அந்த மருத்துவமனை இல்லை என்பது, பணம் கட்டும் கவுண்டரில்தான் தெரிந்தது. டவுனிலிருந்து வரும் பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 600 ரூபாய், இருபது நிமிடம். தினமும் வரச்சொன்னால் மாதம் 18,000. டயப்பர், மாத்திரை எல்லாம் தனி. அம்மாவுக்கு வருவது முதியோர் உதவித்தொகை 1,200.

டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் பழைய காப்பீட்டு அட்டை கிடைத்தது. 2012-ல் குடும்பத்தையே உட்காரவைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்தது. அப்பாவுக்கு அதில் தலை நிறைய முடி.

செப்டம்பர் 6, வெள்ளி

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அத்தாச்சி, அம்மா எப்படி இருக்கு என்று விசாரித்தார். மாத்திரை விலையைப் பற்றிப் புலம்பினேன். "எம்டிஎம் அக்காகிட்ட சொல்லலியா தம்பி? எங்க மாமாவுக்கு மாசாமாசம் வீட்டுலயே கொண்டாந்து குடுக்குதே."

எந்த அக்கா என்றேன். "மேலத்தெருவுல, மகளிர் குழுவுல இருக்குமே, அது."

எம்டிஎம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம், வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கும் அரசுத் திட்டம். இந்தப் பெயரை நான் எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன்! ஆண்டு மலர்களில், அரசு சாதனைக் கட்டுரைகளில். 'மக்களைத் தேடி'யில் ஒற்று விட்டிருந்தால் போடுவேன். இரண்டாம் வேற்றுமை விரி, வல்லினம் மிகும். அதற்குமேல் அந்தச் சொற்களை நான் படித்ததே இல்லை. என் அம்மாவின் தெருவுக்கு அது மூன்று வருஷமாக வந்துகொண்டிருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையைப் பிசைந்து ஊட்டினேன். தண்ணீர் கொடுத்ததும் புரை ஏறியது.

செப்டம்பர் 10, செவ்வாய்

அக்கா வந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஒரு தடித்த நோட்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏன் ஆத்தா, எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று அம்மாவைத்தான் கேட்டார். அம்மா சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும் சிரித்தாள்.

பிரஷர் 160/100. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பதில் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் என்றார். ஒரு தடவை டாக்டரிடம் சீட்டைக் காட்டிப் பதிந்துவிட்டால், அப்புறம் இவரே வீட்டில் கொண்டுவந்து கொடுப்பாராம். மற்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

"பிசியோ சாரும் வலிநிவாரண சிஸ்டரும் வண்டியில வருவாங்க. பேரு குடுத்துடறேன். ஆனா தினம் வருவாங்கன்னு நெனச்சுக்காதீங்க தம்பி, வட்டாரம் முழுக்க அவங்கதான்."

செப்டம்பர் 13, வெள்ளி

வந்துவிட்டார்கள். இதை விரிவாகவே எழுதி வைக்கிறேன். மறந்தால் அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

நானும் சின்னம்மாவும் அம்மாவை எழுப்பி உட்காரவைத்துக் காட்டினோம். நான் வலது கையைப் பிடித்து இழுத்தேன். பிசியோ பதறிப்போய்த் தடுத்தார். "சார், அந்தக் கையப் பிடிச்சு மட்டும் தூக்காதீங்க. தசைக்குப் பிடிமானம் கிடையாது, தோள் மூட்டு எறங்கிடும்." இரண்டு வாரமாக அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தோம். அம்மா முனகியது வாதத்தால் என்று நினைத்திருந்தோம்.

அவர் காட்டியது இப்படி: முதலில் முழங்காலை மடக்கி, நல்ல இடது பக்கமாக ஒருக்களிக்க வைக்க வேண்டும். ஒரு கை தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்பில். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி மெல்ல நிமிர்த்த வேண்டும். நாற்காலியையும் இடது பக்கமாகப் போட வேண்டும், நல்ல கால் முதலில் போகும் பக்கமாக. என்னையே மூன்று தடவை செய்ய வைத்தார். மூன்றாம் தடவை அம்மா முனகவில்லை.

சிஸ்டர் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தைப் பார்த்தார். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார். அந்த இடம் வெளுக்கவில்லை, சிவப்பாகவே நின்றது. படுக்கைப்புண் இப்படித்தான் ஆரம்பிக்குமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும், சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. சின்னம்மா தினமும் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார், பாவம். கயிற்றுக் கட்டில் தொட்டிபோல இறங்கி எல்லா எடையும் அந்த இடத்திலேயே உட்காருகிறது, மரக்கட்டிலுக்கு மாற்றி மெத்தை போடுங்கள் என்றார். புரை ஏறுவதற்கும் வழி சொன்னார்: நேராக உட்காரவைத்து ஊட்ட வேண்டும், தண்ணியாக இல்லாமல் கெட்டிக் கஞ்சியாகக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது.

காசு வாங்கவில்லை. காபிக்குக்கூட நிற்கவில்லை, அடுத்த ஊரில் ஒரு புற்றுநோய்க்காரர் காத்திருக்கிறாராம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ராத்திரி மறுபடி புரை. மூச்சு கொரகொரவென்று இழுத்தது. இந்தத் தடவை பதறாமல் 104-க்கு, அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அடித்தேன். ஒருவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னார். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் யோசிக்காமல் 108 என்றார். அரை மணி நேரத்தில் தணிந்தது.

செப்டம்பர் 18, புதன்

தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸ். முன்னாலேயே காப்பீட்டுத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993-ல் கேட்டுக்கொண்டு போனதால் அலைச்சல் குறைந்தது: ஸ்மார்ட் கார்டு, ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்று விஏஓ கொடுத்த சான்று. காப்பீட்டு மையத்தில் அம்மாவின் பெயரைப் புதிதாகப் பதிந்தார்கள். குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும். ஏற்கெனவே கட்டிய ஒரு லட்சத்து எண்பதாயிரம் போனது போனதுதான். அட்டையை எடுத்துக்கொண்டு போய் முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை ஆம்புலன்ஸ் ஏறும் நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

மாற்றுத்திறனாளி அட்டைக்கும் கேட்டேன். வாதம் வந்தவர்களுக்கு ஆறு மாதம் போகட்டும், எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துத்தான் சதவீதம் போடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்கக் கோபம் வந்தாலும், யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டப் போனபோது அம்மா அழுதாள். நான் "வாயை மூடு" என்று கத்திவிட்டேன். பெற்ற தாயை. கொல்லைப்புறம் போய் நின்று 14416-க்கு அடித்தேன். மனநலத்துக்கான எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். இதையும் எங்கோ புரூஃப் பார்த்த ஞாபகம்.

எடுத்தது ஒரு பெண். ஆறுதல் வசனம் எதுவும் பேசவில்லை. நான் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். சொன்னேன். மாற்றாள் யார் என்றார். பதில் இல்லை. காலையில் திருப்பூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, பணம் வேண்டாம், மாதத்தில் ஐந்து நாள் வந்து இரு என்றேன். கேட்டதும் சரி என்றாள். இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

மக்களைத் தேடி மருத்துவத்துக்கு ஐ.நா. விருது என்று செய்தி. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அக்காவிடம் செய்தியைக் காட்டினேன்.

"எவ்வளவாம்?" என்றார்.

பணமில்லை அக்கா, விருது என்றேன். "அப்ப சரி" என்று பிரஷர் கருவியை மடித்தார். 140/90. அவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அதை எந்த மலரிலும் கொட்டை எழுத்தில் நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, கிராம சபை. நானும் போய் உட்கார்ந்தேன். குடிநீர், நூறு நாள் வேலை, தெருவிளக்கு எல்லாம் முடிந்தபிறகு எழுந்து, யார் எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வருகிறார்கள் என்று ஊராட்சிச் சுவரில் எழுதிப் போடுங்கள் என்றேன். தலைவர் "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, படிச்சவங்க" என்றார். தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அக்காவிடம் செல் நம்பர் கேட்டேன். தயங்கினார். "அது வீட்டுக்காரர் போன் தம்பி. ராத்திரில யாராச்சும் அடிச்சா சண்ட வரும். நம்பர் போடாதீங்க, கெழம மட்டும் போடுங்க."

சரி என்று தாளில் எழுதினேன். 104, 108, 14416, காப்பீட்டு எண். அதற்குக் கீழே மேலத்தெரு திங்கள், கீழத்தெரு செவ்வாய், காலனி புதன். பெயிண்டரிடம் கொடுக்கும்போது 'பிசியோதெரபி'யைப் பார்த்து எழுதப்பா என்றேன். அம்மா உள்ளே இருந்து கூப்பிடுகிறாள். புரட்டும் நேரம்.