தபனான் வயல்ல ஒரு போர்டு

பாலித் தீவுல தபனான் பக்கம் ஒரு சின்ன ஊரு, இன்னைக்கு காலைல நடந்து போறேன், நட்டு பச்ச புடிச்ச வயலுக்கு நடுவுல "நிலம் குத்தகைக்கு"ன்னு போர்டு, கீழ வாட்ஸ்அப் நம்பர்.

பக்கத்து மடைல ஒரு பெரியவர் ஓலைத்தட்டுல பூவும் ஊதுபத்தியும் வச்சு கும்பிட்டுட்டு மண்வெட்டியால தண்ணிய திருப்பி விடுறாரு.

இந்தோனேசியாவோட 1960 நிலச் சட்டப்படி வெளிநாட்டுக்காரங்க அங்க நிலத்த முழு சொந்தமா வாங்க முடியாது. அதான் 25, 30 வருஷ குத்தகைக்கு எடுத்து வில்லா கட்டுறாங்க.

நிலத்துக்காரங்களுக்கு மொத்தப் பணம் ஒரே தடவைல கைக்கு வருது, புள்ளைங்க ஓட்டல் வேலைக்குப் போயாச்சு, நெல்லுல என்ன மிஞ்சும்? குடுக்குறவங்கள நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனா ஊர் கூடி தண்ணி பங்கு வைக்கிற சுபக் முறை இருக்கே, 2012ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது, அது ஒருத்தர் வயல்ல நிக்கிற விஷயம் இல்ல. மேல வாய்க்கால் அடைபட்டா கீழ இருக்கறவரு நெல்லு வைக்க நினைச்சாலும் முடியாது.

அங்க லீஸ் பாக்குறவங்க தயவுசெஞ்சு அந்த வாய்க்கால் யார் வயலுக்குப் போகுதுன்னு மொதல்ல கேளுங்க.