ஐந்து பேருக்கு ஒரு கணினி

எங்கள் பிரிவில் ஐந்து பேர், கணினி ஒன்றுதான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, அதில் மின்னஞ்சல் பார்க்க அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மென்பொருள். கணினி கொஞ்சம் பழகியவன் என்பதால் எல்லோருடைய மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது.

ஐந்து முகவரிகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனை பேர் கடிதமும் வந்து விழும். ரூல்ஸ் போட்டு ஆளுக்கொரு ஃபோல்டருக்குப் பிரித்தேன். பாஸ்வேர்டுகளை எல்லாம் என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

முதல் சிக்கல் அனுப்புவதில் வந்தது. வந்த கடிதத்துக்குப் பதில் எழுதினால் அது எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே போகும். புதிதாக எழுதினால் டீஃபால்ட் கணக்கிலிருந்து போகும். ஒருவர் எழுதிய விடுப்புக் கடிதம் இன்னொருவர் பெயரில் மேலாளருக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பேசிச் சரிசெய்துவிட்டோம்.

அடுத்தது அப்படி முடியவில்லை. கணக்குப் பார்க்கும் அக்காவுக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வேறு ஏதோ தேடிக்கொண்டிருந்த இன்னொரு ஊழியர் கண்ணில் அந்தத் தலைப்பு தடித்த எழுத்தில் பட்டுவிட்டது. "என்னக்கா, உடம்புக்கு என்ன?" என்றார். அக்கறையோடுதான் கேட்டார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அவர் யாரிடமும் சொல்ல நினைக்காத ஒன்றை என் ஏற்பாடு சொல்லிவிட்டது.

அன்று மாலையே பிரிக்க உட்கார்ந்தேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஆளுக்கொரு ஐடென்டிட்டி, அதாவது தனித்தனி அஞ்சல் பகுதி, உருவாக்கி பாஸ்வேர்டும் போடலாம். போட்டுப் பார்த்தேன். ஆனால் அது வெறும் திரைச்சீலை. கடிதங்கள் இருக்கும் கோப்புகள் ஒரே விண்டோஸ் கணக்குக்குள்தான் கிடக்கின்றன. ஒரு ஐடென்டிட்டியிலிருந்து இன்னொன்றின் கடிதங்களை இம்போர்ட் செய்ய முடிந்தது, என் கடிதங்களையே வைத்துச் சோதித்தேன். சரி, விண்டோஸிலேயே ஐந்து தனிக் கணக்கு என்று முடிவு செய்தேன். வட்டு, யார் எதைத் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் இருந்ததால் சாதாரணக் கணக்கில் இருப்பவர் அடுத்தவர் கோப்புறையைத் திறக்க முடியாது.

பழைய கடிதங்களை மாற்றத்தான் இரண்டு நாள் பிடித்தது. கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 முறையில், சர்வரில் ஒரு நகல் வை என்று குறிக்காவிட்டால், கடிதம் இறங்கியதும் சர்வரிலிருந்து அழிந்துவிடும். நான் குறிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு ஃபோல்டரையும் உரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நகர்த்தினேன். நகர்த்தியது சரியாக வந்ததா என்று அவர்களே திறந்து பார்த்த பிறகுதான் பழையதை அழித்தேன்.

இப்போது பிரவுசரில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்துக்கொள்கிறார்கள். ஒரே விண்டோஸ் கணக்கில் இருந்தால் பக்கத்துப் புரொஃபைலை யாரும் சொடுக்கித் திறந்துவிடலாம், அதனால் பொதுக் கணினி என்றால் இன்றும் தனிக் கணக்குதான் போட்டுக் கொடுக்கிறேன்.

அக்காவின் கணக்கைக் கடைசியாகத்தான் முடித்தேன். நோட்டிலிருந்த பாஸ்வேர்டு பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்தேன். "புதுசு ஒன்று நீங்களே போடுங்கக்கா" என்று நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.