சாம்பல் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

மாசிக் கடைசியில் எங்கள் ஊருக்கு மேலே காட்டில் தீ பிடித்தது. சேர்வராயன் மலையில், நாகலூர்ப் பக்கம், எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் காப்பியும் மிளகும். காய்ந்த புல்லும் உண்ணிமுள்ளும் எரிந்து, தோட்டத்தின் மேல்வரிசை கருகிவிட்டது. நிவாரணத்துக்காகச் சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தது தனிக் கதை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: கருகிய செடியை வெட்டுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். நான் பாதியை வெட்டின பிறகுதான் எடுத்தேன்.

"ஒரு கோடை மழை பேஞ்சா மண்ணு குளுந்துரும்டா" என்றார் பெரியப்பா. நானும் மழைக்குத்தான் காத்திருந்தேன்.

சேலத்திலிருந்து வந்த அத்தை பையன் விவசாயம் படித்தவன். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டான். குடிக்கவில்லை. சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் ஊற்றினான். சேப்பங்கிழங்கு இலைமேல் விட்ட மாதிரி தண்ணீர் உருண்டு நின்றது, உள்ளே இறங்கவில்லை. விரலால் இரண்டு அங்குலம் தோண்டி ஊற்றினான், சட்டென்று குடித்துக்கொண்டது. சருகில் இருக்கும் மெழுகு நெருப்பில் ஆவியாகி, கொஞ்சம் கீழே போய்க் குளிர்ந்து மண்துகள்மேல் படிந்துவிடுமாம். பெரியப்பா டம்ளரை வாங்கித் தானே இன்னும் நாலு இடத்தில் ஊற்றிப் பார்த்தார்.

மேலே ஊறாத மழை எல்லாம் எங்கள் ஓடைக்குத்தான் வரும். ஓடைக்குக் கீழே பன்னிரண்டு வீடு, தண்ணீர் கடந்து போக ஒரே ஒரு குழாய்ப்பாலம். அதிலும் பாதி மண்.

முதல் வாரம் செய்தது வீண் வேலை. தண்ணீரைத் தடுக்க, விழுந்து கிடந்த கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே குத்துமதிப்பாகப் போட்டோம்; பம்ப் தண்ணீரை விட்டுப் பார்த்தால் அடியில் புகுந்து ஓடியது. பிறகுதான் மூன்று குச்சியை ஆங்கில 'A' வடிவில் கட்டி, நடுவில் நூலில் கல்லைத் தொங்கவிட்டு மட்டம் பார்த்தோம். அந்தக் கோட்டில் அரையடி வாய்க்கால் பறித்து, கட்டையை அதில் பதித்து, இடுக்கில் மண்ணை மிதித்தோம். இரண்டு முனையையும் மேட்டுப் பக்கம் வளைத்தோம். கண்ணை நம்பிய இடமெல்லாம் கோடு சரிந்துதான் போயிருந்தது. மண்ணை மூட வைக்கோல் வேண்டும்; மலையில் ஏது? அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்றி வந்து பரப்பி, காற்றில் போகாமலிருக்க மேலே மிளார் போட்டோம். காப்புக்காட்டு எல்லைக்குள் கைவைக்க வனத்துறை அனுமதி வேண்டும். அது வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் ஊர்ப் பெண்கள் குழாய்ப்பாலத்து மண்ணை அள்ளி முடித்துவிட்டார்கள். ஆண்கள் அதுவரை டீக்கடையில் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.

மழையில் செல்போன் டவரை நம்ப முடியாது. அதனால் மேல்வீட்டு அண்ணனிடம் ஒரு விசில் கொடுத்தோம். ஓடைத் தண்ணீர் கறுத்தால் ஊத வேண்டும். ஊதினால் கீழ்வீட்டுக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவிக்கான 1077 எண்ணைக் கரியால் பள்ளிச் சுவரிலேயே எழுதி வைத்தோம்.

சித்திரை நடுவில் ஒரு மாலை, முக்கால் மணி நேரம் மழை அடித்தது. காப்பி டிகாஷன் மாதிரி தண்ணீர் இறங்கியது. விசில் கேட்டது. மூன்று கட்டை பெயர்ந்துபோயிற்று, ஒரு வீட்டு வாசல்படி வரை சேறு. குழாய்ப்பாலம் அடைக்கவில்லை.

மறுநாள் காலையில் பெரியப்பா டம்ளரோடு மேலே போனார். கிழக்கு ஓரத்தில் தண்ணீர் இன்னும் உருளுகிறதாம். ஐப்பசிக்கு முன் அங்கே இன்னும் எட்டு வரிசை கட்டை போட வேண்டும். வைக்கோலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.