கோடு மறைந்த பிறகும் மாத்திரை

குளச்சல் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. மங்களூர், ரத்னகிரி என்று தங்கித் தொழில் செய்துவிட்டு, குளிர்காய்ச்சலோடு ஊர் திரும்பும் கடல் தொழிலாளர்கள் வருவார்கள். பார்ப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியாதான். மைக்ராஸ்கோப்பில் எண்ணெய் லென்ஸைப் போட்டால், உப்பிப்போன சிவப்பணு, அதில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவே தாறுமாறாகப் பரவிக் கிடக்கும் ஒட்டுண்ணி. ஹீமோகுளோபினைத் தின்று அது விட்ட பழுப்பு நிறத் துகளும் தெரியும்.

ஒரு சொட்டு ரத்தத்தைப் பரிசோதனைக் கிட்டில் வைத்தால், மலேரியா இருந்தால் கால் மணி நேரத்தில் கோடு விழும். நாங்கள் வைக்கும் கிட்டில் வைவாக்ஸ் கோடு பிடிப்பது ஒட்டுண்ணியின் லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியை. ரத்தத்தில் அந்த ஒற்றைச் செல் உயிருக்குப் பிழைப்பே குளுக்கோஸை உடைப்பதுதான். பைருவேட்டை லாக்டேட்டாக்கும் இந்த நொதி நின்றால் அந்தப் பிழைப்பும் நின்றது. நமக்கும் இதே வேலை செய்யும் நொதி உண்டு, ஆனால் அமைப்பு வேறு. ஏபிஏடி என்ற மாற்றுத் துணைநொதியைக் கொடுத்தால் ஒட்டுண்ணியின் நொதி வேகமாக வேலை செய்யும், நம்முடையது மிக மெதுவாக. இந்த வித்தியாசத்தை வைத்து மலேரியாவை அளக்கும் முறையை மேக்லர் என்ற ஆய்வாளர் 1993இல் வெளியிட்டார். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஃபால்சிபேரம் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்குப் பார்க்கும் எச்ஆர்பி-2 புரதம், ஒட்டுண்ணி செத்தும் வாரக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும். இந்த நொதி அப்படியில்லை. குளோரோகுயின் மாத்திரை 3 நாள் போட்டபின், ஒட்டுண்ணி ஒழிய ஒழியக் கோடும் போய்விடும். சிக்கலே அங்குதான்.

"கோடுதான் போயிட்டே, இனி எதுக்கு மாத்திரை?" என்று கேட்பார்கள். போட்டுக்குக் கிளம்பும் அவசரம் அவர்களுக்கு.

"அண்ணா, ரத்தத்துல இருந்ததுதான் போச்சு. ஈரல்ல தூங்குறது இந்தக் கோட்டுல தெரியாது" என்பேன். மாதங்கள் கழித்து அது விழித்தால் நடுக்கடலில் காய்ச்சல் வரும். அதற்குத்தான் பிரைமாகுயின் 14 நாள். அந்த மருந்துக்கு முன் நம் சிவப்பணுவில் ஜி6பிடி நொதி குறைவா என்று பார்த்தே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். குறைந்தவர்களுக்கு அணுக்கள் உடைந்துவிடும்.

ஆகவே மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், ஒரு நாளும் விடாதீர்கள், சிறுநீர் கட்டன்சாயா (பாலில்லாத தேநீர்) நிறத்தில் போனால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.