பட்டாலைச் சுவரில் தொங்கும் கருமருந்துத் துப்பாக்கி

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுப் பட்டாலையில் (உயர்ந்த கூடத்தில்) வாய்வழி மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தால், பல வருஷமாகச் சுடாததுதான் ஆபத்து. குழலுக்குள் பழைய மருந்து கெட்டித்தபடியே கிடக்கலாம். ஈரம்படாமல் இருந்தால் இன்றைக்கும் பற்றும். குழல் வாய்க்கு நேரே நிற்காமல், மருந்தைக் கெட்டிக்கும் கம்பியை மெதுவாக உள்ளே விட்டு, விளிம்பில் விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்து, அந்த அடையாளத்தைக் குழல் வாயோடு சேர்த்து, குழலோடு ஒட்டிப் பாருங்கள். நுனி, கேப் (அடித்தால் பொறி தரும் சின்ன மூடி) வைக்கும் நிப்பிள் என்ற குமிழ் பக்கம் வரவேண்டும். அங்கே எட்டாமல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. குத்திக் கிளறாதீர்கள், உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள்.

சுடுகிறவர்கள் அன்றைக்கே கழுவணும். மருந்து எரிந்து குழலில் படியும் உப்பு ஐப்பசி ஈரத்தைக் குடித்து மறுநாளே துருவாகும். எண்ணெயில் அது கரையாது. வெந்நீர்தான், துணி வெள்ளையாக வரும்வரை. நன்றாக உலர்ந்த பிறகே எண்ணெய்.

ஐயா காலத்துத் துப்பாக்கி என்றாலும், சுடும் நிலையில் இருந்தால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.