இடது கைக் கட்டைவிரலைப் பாருங்கள்

மரம் அறுக்கும் செயின்சா மிஷினோடு ஒருவர் நிற்பதைப் பார்த்தால் என் கண் முதலில் போவது அவருடைய இடது கைக் கட்டைவிரலுக்குத்தான். மற்ற நாலு விரலோடு அதுவும் முன் கைப்பிடியின் மேலேயே கிடந்தால், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று நிறுத்திவிடுவேன். கட்டைவிரல் கைப்பிடிக்கு அடியில் சுற்றி வர வேண்டும். மிஷின் எகிறினால் கையை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பது அந்த விரல்தான்.

எகிறுவது எதனால்? செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார். பாரின் நுனியை மேல் பாதி, கீழ் பாதி என்று மனசுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். வில்லங்கம் முழுக்க மேல் பாதியில். செயின் பாரின் மேற்புறமாக முன்னே ஓடி, நுனியில் வளைந்து, அடிப்புறமாகத் திரும்பி வருகிறது. அந்த வளைவின் மேல் பாதி மரத்தில் முட்டும்போது, பல் சட்டென்று ஆழமாகக் கடித்துச் சிக்கிக்கொள்ளும். முழு வேகத்தில் நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும் செயின் நிற்க, அந்த விசை பாரைத் தூக்கி நம் முகத்துக்கும் கழுத்துக்கும் திருப்பிவிடும். சுதாரித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம், அதற்கு நேரம் கிடைக்காது.

பெரிய அடிமரத்தை அறுக்கும்போது எல்லோரும் பயந்து பயந்துதான் அறுக்கிறார்கள். சாய்ந்த மரத்தில் கிளை கழிக்கும்போதுதான் அந்தப் பயம் போய்விடுகிறது. கண் அறுக்கிற கிளையில் இருக்கும், பாரின் நுனி அதைத் தாண்டி, இலைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கொம்பைத் தொடும். விரல் மொத்தக் கொம்பு போதும். அதனால் அறுக்கிற இடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நுனி எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். குறுக்கே இருக்கும் சின்னக் குச்சிகளை முதலில் அரிவாளால் ஒதுக்கிவிடுவது என் பழக்கம். நேரம் வீணாகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, முணுமுணுக்கட்டும்.

நிற்கும் இடமும் முக்கியம். பார் மேலே எகிறினால் எந்தக் கோட்டில் வருமோ, அந்தக் கோட்டுக்கு இடதுபுறம் தலையும் உடம்பும் இருக்க வேண்டும். இடது முழங்கையை மடக்காமல் நீட்டி வையுங்கள். தோளுக்கு மேலே மிஷினைத் தூக்கி அறுத்தால் இந்த இரண்டுமே நடக்காது. ஏணியில் நின்றுகொண்டு அறுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் பிரேக். முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பைச் சிலர் கைக்கு இடைஞ்சல் என்று கழற்றியே போட்டுவிடுகிறார்கள். அது வெறும் தடுப்பு இல்லை, பிரேக்கின் லிவரே அதுதான். மிஷின் எகிறும்போது மணிக்கட்டு பட்டோ, அந்த உலுக்கலிலேயோ அது முன்னே சாய்ந்து செயினைப் பிடிக்கும். வேலை தொடங்கும் முன் முழு ஆக்சிலரேட்டரில் வைத்து, மணிக்கட்டால் அதை முன்னே தள்ளிப் பாருங்கள். செயின் உடனே நிற்க வேண்டும். இழுத்துக்கொண்டே நின்றால் அன்றைக்கு வேலை வேண்டாம், உள்ளே பிரேக் பட்டை தேய்ந்திருக்கும் அல்லது மரத்தூளும் எண்ணெயும் அப்பியிருக்கும். ஸ்டார்ட் செய்யும்போதும், இரண்டு அடி நகரும்போதும் பிரேக் போட்டே இருக்கட்டும்.

கால் சட்டைக்கு மேல் அணியும் பாதுகாப்பு உறையில் உள்ள நார்கள் செயினில் சிக்கி அதை நிறுத்தும். நல்ல பொருள், ஆனால் காலுக்கு மட்டும். முகத்துக்கு முன்னால் இருக்கும் வலை மரத்தூளுக்கானது, ஓடும் செயினை அது தடுக்காது.

பல் தீட்டுகிறவர்கள் ஒன்று செய்வார்கள். ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பல செயின்களில் இரண்டுக்கும் உயர வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர்தான். வேகமாக அறுக்கட்டும் என்று அரத்தால் அந்த மேட்டை இன்னும் தேய்த்தால் எகிறுவதும் கூடும். அளவுத் தகடு வைத்துத் தேயுங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

கைப்பிடி மேலேயே இருக்கும் சின்ன மிஷின்கள் மரம் ஏறுகிறவர்களுக்காகச் செய்தவை. பார்த்தால் ஒரு கையே போதும் போலத் தோன்றும். இன்னொரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு அறுக்கிறார்கள். பேட்டரி மிஷினில் சத்தமும் குறைவு என்பதால் இன்னும் அலட்சியம். அதுவும் இதே மாதிரிதான் எகிறும். கிளையைப் பிடிக்க வேண்டுமானால் கயிறு போட்டுக் கட்டுங்கள், மிஷினுக்கு இரண்டு கையும் வேண்டும்.