கிழமைக்கு 71 பவுணும் முப்பது மணித்தியாலமும்

2012 இல் லண்டனில் இருபத்தைந்து வயது தாண்டிய தனியாள் ஒருவருக்கு, வேலை தேடுவோர் உதவிப்பணம் கிழமைக்கு 71 பவுண். அந்தக் காசில் சீவித்தவர்களில் நானும் ஒருவன். பார்க் ரோயல் பக்கம் நான் வேலை செய்த சாண்ட்விச் பக்டரியில் இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். வெம்பிளியில் ஓர் அறை, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஜொப் சென்ரர் என்ற அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய், வேலையில்லை, தேடுகிறேன் என்று சைன் பண்ணுவது. நம்மாட்கள் சிலர் "கடைக்கு வா, கையில் காசு தாறன்" என்றார்கள். சைன் பண்ணிக்கொண்டே அதையும் செய்ய எனக்குத் துணிவில்லை.

ஒரு வருசம் போனதும் என்னை 'வேர்க் புரோகிராம்' என்ற திட்டத்துக்கு மாற்றினார்கள். 2011 ஜூனில் தொடங்கிய திட்டம் அது. அரசாங்கம் தானே நடத்தாமல் கம்பனிகளுக்கு ஒப்பந்தத்தில் விட்டிருந்தது. ஆளை வேலையில் சேர்த்து, அவர் அங்கே மாதக்கணக்கில் நிலைத்தால்தான் கம்பனிக்குப் பெரிய காசு. கேட்க நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் சுலபமாக வேலை கிடைக்கக்கூடியவனுக்குப் பின்னால் ஓடினால்தானே அந்தக் காசு வரும்? இங்கிலீஷ் சரளமாகக் கதைக்கும் இளம் பெடியளை ஆலோசகர்கள் விழுந்து விழுந்து கவனித்தார்கள். முதுகு நோவுள்ள ஒரு சோமாலிய ஐயாவையும் என்னையும் கம்பியூட்டருக்கு முன்னால் இருத்திவிட்டுப் போய்விடுவார்கள். என் சீ.வி.யில், அதாவது வேலைக்கு அனுப்பும் தன்விவரத்தில், பக்டரி வேலைக்கு 'உணவு உற்பத்திச் செயற்பாட்டாளர்' என்று பெரிய பெயர் வைத்ததுதான் எனக்கு அங்கே கிடைத்த உதவி.

முதல் 14 மாதங்களில் இந்தத் திட்டத்தால் நிலையான வேலைக்குப் போனவர்கள் 3.6 வீதம் என்று நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு பிறகு சொன்னது. அமைச்சு எதிர்பார்த்தது 11.9 வீதம். அந்த அறையில் இருந்தவன் எவனும் இதைக் கேட்டுத் திகைத்திருக்க மாட்டான்.

2013 தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனக் கடைக்கு அனுப்பினார்கள். கிழமைக்கு முப்பது மணித்தியாலம், சம்பளம் இல்லை. போகாவிட்டால் உதவிப்பணம் வெட்டு: முதல் தரம் நாலு கிழமை, அடுத்த தரம் பதின்மூன்று. 71 ஐ முப்பதால் பிரித்தால் மணிக்கு 2.37 பவுண் வரும். அப்போது ஆகக் குறைந்த சட்டபூர்வச் சம்பளம் 6.19.

வேலை பின்னறையில். சனம் தந்துவிட்டுப் போகும் உடுப்புப் பைகளைப் பிரித்து, கறை பட்டதையும் கிழிந்ததையும் ஒரு சாக்கில் போட வேண்டும், மிச்சத்தை நீராவியால் சுருக்கம் எடுத்து, விலைத்துண்டு குத்தி, கொழுவியில் மாட்ட வேண்டும். விற்க ஏலாத சாக்குகளைக் கிலோக் கணக்கில் வாங்க ஒருவர் வான் கொண்டு வருவார். வேலை கேவலமில்லை, கூட இருந்த வயதான வெள்ளைக்கார அம்மாக்களும் நல்ல சனம். அவர்கள் தொண்டர்கள், கிழமையில் ஓரிரு காலை மட்டும் வருவார்கள். என் நேரத்தாளில் மனேஜர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த ஒரு அம்மா, "நீயும் தொண்டன்தானே, உனக்கேன் இதெல்லாம்?" என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்குப் பிஸ்கட் கொண்டுவந்தார்.

நான் அங்கே நின்ற நாட்களில்தான் கேய்ட் ரைலி வழக்கின் தீர்ப்பு வந்தது. அவர் நிலவியல் (ஜியோலொஜி) படித்த பட்டதாரி, ஒரு மியூசியத்தில் விரும்பித் தொண்டு செய்துகொண்டிருந்தவர். அவரை பவுண்ட்லாண்ட் கடையில் சம்பளமில்லாமல் சாமான் அடுக்க அனுப்பியிருந்தார்கள். 2013 பெப்ரவரி 12 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம், ஆட்களை இப்படி அனுப்பப் பயன்பட்ட விதிமுறைகள் சட்டப்படி செல்லாது என்றது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் பழைய திகதியிலிருந்து செல்லுபடியாகும் புதுச் சட்டம் ஒன்றை அவசரமாக நிறைவேற்றிவிட்டது. வெட்டிய காசைத் திருப்பிக் கொடுக்க மனமில்லை. கட்டாய உழைப்பு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதையெல்லாம் விட எனக்கு எரிச்சல் தந்தது வேறொன்று. 'கட்டாய வேலைச் செயற்பாடு' என்று நாலு கிழமைத் திட்டம் ஒன்றும் அப்போது இருந்தது. அதனால் வேலை கிடைக்கும் வாய்ப்புக் கூடவில்லை என்று 2012 ஜூனில் அமைச்சின் சொந்த ஆய்வே சொன்னது. அதே மாதம் அதை இன்னும் பெருப்பிக்கப் போவதாக அறிவித்தார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது அதே ஜொப் சென்ரர் சொன்ன இன்னொரு பயிற்சியால். ஆறு கிழமைக்கு மேற்போகாத பயிற்சி, முடிவில் நிச்சயம் ஒரு இன்டர்வியூ. முக்கியமாக, உண்மையிலேயே ஆள் தேவைப்படும் இடம். ஆஸ்பத்திரி போர்ட்டர் வேலைக்குப் போனேன். இன்டர்வியூவில் முதலில் கேட்டது தொண்டுக் கடையைப் பற்றித்தான்: சாக்குத் தூக்கினீரா, முதுகு எப்படி? ஆக, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நான் எழுதினால் பொய்யாகிவிடும்.

2021 இல் அண்ணையின் மகன், என் பெறாமகன், 'கிக்ஸ்டார்ட்' திட்டத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போனான். பதினாறிலிருந்து இருபத்துநாலு வயது வரையானவர்களுக்கு ஆறு மாதம், கிழமைக்கு 25 மணித்தியாலம், ஆகக் குறைந்த சம்பளத்தை அரசாங்கமே கொடுத்தது. "சும்மா இருக்கிறவனுக்குச் சம்பளத்தோட பழக்கமோ? நாங்கள் வந்த காலத்தில இப்பிடியோ?" என்று அண்ணைக்குக் கோபம். லேபர் கட்சி அரசு 2009 இல் தொடங்கிய ஒரு திட்டமும் கிட்டத்தட்ட இதேதான். அடுத்த அரசு வந்ததும் செலவு கூட என்று நிறுத்தியது. செலவைவிடச் சமூகத்துக்குக் கிடைத்த நன்மை அதிகம் என்று பிறகு அமைச்சின் ஆய்வே காட்டியது. அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

ஆறு மாதம் முடிய அந்த அலுவலகம் பெடியனை வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவன் கையில் சம்பளச் சீட்டுகள் இருந்தன, மேலாளர் எழுதித் தந்த ஒரு சான்றுக் கடிதமும் இருந்தது. அவற்றைக் காட்டித்தான் இப்போதிருக்கும் வேலைக்குப் போனான். அண்ணை இப்போது அது தன் வளர்ப்பு என்கிறார்.